இந்தியானாவில் ஒரு கொட்டகை

கொட்டகை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் ஒவ்வொருவர் மனக்கண் முன்பும் ஒவ்வொரு காட்சி தோன்றும். கிராமத்தாருக்கு மாட்டுக் கொட்டகை. பட்டணத்தாருக்குச் சினிமாக் கொட்டகை. வயதானவர்களுக்கு நாடகக் கொட்டகை. கல்யாண வீட்டாருக்கோ, நாலு சவுக்குக் கம்பங்களை ஊன்றிக் கீற்று வேய்ந்து ஒரே ராத்திரியில் எழுப்பிய சமையல் கொட்டகை. எதுவானாலும் அது தாற்காலிகமானது, வீட்டுடன் சரியாசனம் வைத்துப் பேசத் தகாதது என்பதே நமது பொதுவான அபிப்பிராயம். “வீடு கட்டினான்” என்று சொல்லும் ஊர், “கொட்டகை போட்டான்” என்றுதான் சொல்லும். கட்டுவது வேறு, போடுவது வேறு அல்லவா?

அமெரிக்க தேசத்தில் இந்தியானா மாகாணத்தின் வட கோடிக்குப் போனால் இந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேரிடும். அங்கே கம்பம் நட்டுக் கொட்டகை எழுப்புவது ஒரு சாஸ்திரம். அந்தக் கொட்டகைகளுக்குள்தான் அப்பிரதேசத்து ஜனங்களின் சுயேச்சையும் ஜீவனோபாயமும் அடங்கியிருக்கின்றன.

ஊரும் மக்களும்

சிகாகோ நகரத்திலிருந்து கிழக்கே மோட்டாரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பிரயாணம். மிச்சிகன் மாகாணத்தின் எல்லையை ஒட்டினாற்போல் எல்க்கார்ட், லாகிரேஞ்ச் என்ற இரண்டு ஜில்லாக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எல்க்கார்ட் பிரதேசத்தில் என்ஜினீயராக இருக்கும் எங்கள் மைத்துனர் வீட்டில்தான் நானும் என் மனைவியுமாகிய நாங்கள் பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையைக் கழித்தோம்.

நமது தஞ்சை ஜில்லாவைப் போல் தட்டையான பூமி. ஆனால் நெல்லுக்குப் பதில் மக்காச்சோளமும் சோயாவும். பன்னெடுங்காலத்துக்கு முன் பனிப்பாறைகள் தேய்த்துக்கொண்டு வந்து போட்ட மண்ணாகையால், வயலை உழும்போது இன்றைக்கும் உருண்டைக் கற்கள் மேலே வருகின்றன. சாலையில் மோட்டார்களுக்கு நடுவே கறுப்பு நிறக் குதிரை வண்டிகள் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். அவை ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருடையவை. 1693இல் ஐரோப்பாவில் யாக்கோபு அம்மான் என்ற போதகரைப் பின்பற்றித் தனிப் பிரிவாகப் பிரிந்தவர்களின் சந்ததியார் இவர்கள். 1841 முதல் இந்தப் பிரதேசத்தில் குடியேறி வாழ்கிறார்கள். வீட்டில் ஜெர்மானியக் கிளைமொழி; ஆடையில் எளிமை; வெளியிலிருந்து மின்சாரக் கம்பி வீட்டுக்குள் வரக் கூடாது என்ற விரதம். பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் அனுப்பும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தச் செய்தி முதலில் சிறிது கசந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முகம் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது அவர்கள் சம்பிரதாயத்துக்கு விரோதம். ஆகையால் நேயர்கள் அவர்களுடைய முகங்களை இப்பக்கங்களில் தேட வேண்டாம். அவர்களுடைய கைவேலையைப் பார்த்தால் போதும்.

கஷ்ட காலம் கற்பித்த வித்தை

அந்தக் காலத்து அமெரிக்கக் களஞ்சியங்கள் கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் கனத்த மர உத்தரங்களை நிறுத்தி, துளையும் கழுந்துமாகப் பொருத்தி, மர ஆப்பு அடித்துக் கட்டப்பட்டவை. ஒரு களஞ்சியம் தீப்பற்றி எரிந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் திரண்டு வந்து ஒரே நாளில் புதிய சட்டத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். ஆமிஷ் மக்களிடையே அந்த வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் பெரிய உத்தரம் வேண்டுமானால் பெரிய மரம் வேண்டும். அஸ்திவாரம் வேண்டுமானால் பணம் வேண்டும்.

1930களில் உலகமெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தால் அமெரிக்க விவசாயிகளின் கையில் பணம் இல்லாமற் போயிற்று. அப்போதுதான் மிஸௌரி மாகாணத்தில் பண்ணை நிர்வாக ஆலோசனை நடத்திவந்த ஹோவர்ட் டோன் என்பவரும், அவரிடம் பண்ணை மேற்பார்வை பார்த்துவந்த பெர்னன் பெர்க்கின்ஸ் என்பவரும் எளிய வழி ஒன்றைப் பிரபலமாக்கினார்கள். அஸ்திவாரமே வேண்டாம், கம்பங்களை நேராகப் பூமியில் ஆழமாக ஊன்று, அவற்றின்மேல் கூரையை ஏற்று, பக்கங்களில் தகரத்தை அடி. இவ்வளவுதான் விஷயம்.

“இதைத்தானே நம் ஊரில் கீற்றுக் கொட்டகைக்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்!” என்று நேயர்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். யோசனை ஒன்றேதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், நம் கம்பம் சில வருஷங்களில் கறையானுக்கு இரையாகிவிடுகிறது. அவர்கள் கம்பம் பல பத்தாண்டுகள் அசையாமல் நிற்கிறது. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதில் நாம் பெருமைப்பட வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

எண்பது அடி

மைத்துனர் வீட்டுக்கு அடுத்த நிலத்துக்காரர் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். அந்தப் பிராந்தியம் வீட்டைப் போல் குடியிருக்கத் தகுந்த பிரயாண வண்டிகள் செய்வதற்குப் பேர்போனது. அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் அவர் இருபது வருஷத்துக்கு மேல் தச்சு வேலை செய்தவர். 2009இல் பொருளாதாரச் சரிவு வந்தபோது எல்க்கார்ட் ஜில்லாவில் வேலையில்லாதவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பேர் ஆகிவிட்டார்கள். அவர்களில் அவரும் ஒருவர். பிறகு வாடகை இடங்களில் மேஜை, அலமாரி செய்து பிழைத்தார். இரண்டு தடவை இடத்துக்காரர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது கையிருப்பு முழுவதையும் போட்டுச் சொந்த நிலத்தில் தொழிற்கூடம் எழுப்புகிறார். கூடவே உலோகங்களைப் பற்றவைக்கும் தொழில் கற்ற மகள்.

“இது எழுந்துவிட்டால் இனி ஒருவரும் என்னை எழுந்து போகச் சொல்ல முடியாது” என்றார் அவர். ஒரு மனிதர் கொட்டகை போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியுமா?

கட்டடத்தின் அளவு 48 அடி அகலம், 64 அடி நீளம். சுவர் உயரம் 14 அடி. ஆமிஷ் வேலைக்காரர்கள் ஆறு பேர், வாடகைக்கு அமர்த்திய வண்டியில் காலை ஆறரை மணிக்கே வந்து இறங்கினார்கள். முதல் வேலையாக நான்கு மூலைகளுக்கும் வெளியே முளைகளையும் பலகைகளையும் அடித்து நூல் கட்டினார்கள். பிறகு ஒரு இளைஞர் அளவு நாடாவின் ஒரு நுனியை ஒரு மூலையில் பிடிக்க, மற்றொருவர் எதிர்மூலைக்கு இழுத்துச் சென்றார். “எண்பது!” என்று குரல் கொடுத்தார். மற்றக் குறுக்கையும் அளந்தார்கள். அதுவும் எண்பது.

48, 64, 80. நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றையும் பதினாறால் வகுத்தால் 3, 4, 5. பித்தாகரஸ் பெயரால் நாம் சொல்லிக்கொடுப்பதும், நம் போதாயனர் சுல்ப சூத்திரத்தில் யாகசாலைக்காக வகுத்ததுமான அதே விதி! இரண்டு குறுக்குகளும் சமமாயிருந்து, அந்த நீளமும் சரியாக இருந்தால் நான்கு மூலையும் மட்டம். ஒரு விரற்கடை தவறினால் கூரைத் தகரம் கோணிக்கொண்டு போகும். கடைசித் தகரத்தில்தான் தவறு தெரியும். அப்போது திருத்த வழியில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர் அந்தக் கணக்கை மண்ணில் நூலால் போட்டுக் காட்டினார். எங்கள் கசப்பும் அத்துடன் கொஞ்சம் குறைந்தது.

கம்பம் நடுதல்

எட்டு அடிக்கு ஒரு கம்பம். நீளவாட்டில் பக்கத்துக்கு 9. அகலவாட்டில் மூலைகள் நீங்கலாக 5. முகப்பில் 16 அடி அகலத்துக்குப் பெரிய வாசல் வேண்டுமென்பதற்காக நடுக் கம்பம் ஒன்றை விட்டுவிட்டார்கள். ஆக மொத்தம் 27 குழிகள். இயந்திரத் துரப்பணம் ஒவ்வொன்றையும் 4 அடி ஆழத்துக்குக் குடைந்தது.

நாலு அடி எதற்கு? அந்தப் பிரதேசத்தில் குளிர்காலத்தில் மண் ஏறக்குறைய மூன்று அடி ஆழம் வரை உறைந்து போகிறது. உறையும் மண் கீழேயுள்ள ஈரத்தையும் உறிஞ்சி மேலே இழுத்துப் பனிக்கட்டியாக்கிப் பருக்கிறது. அதற்குள் அகப்பட்ட கம்பத்தை அது வருஷந்தோறும் பல் பிடுங்குவது போல் மேலே தூக்கிவிடும். கம்பத்தின் கால் உறைநிலைக்கும் கீழே இருந்தால் பயமில்லை. குழியின் அடியில் கான்கிரீட் தளம், அதன்மேல் கம்பம், கம்பத்தின் அடியில் இரு புறமும் கட்டைகளை அறைந்திருக்கிறார்கள். பெருங்காற்று கூரையோடு கம்பத்தைப் பிடுங்க வந்தால் அக்கட்டைகள் நங்கூரம் போல் மண்ணைக் கவ்விக்கொள்ளும்.

ஒவ்வொரு கம்பமும் மூன்று பலகைகளைச் சேர்த்து இறுக்கியது. கீழ்ப் பகுதி மட்டும் பசுமை கலந்த நிறமாக இருந்தது. “அது என்ன பச்சை?” என்று என் மனைவி கேட்டாள்.

“மருந்து ஏற்றிய மரம், அக்கா. கறையானும் அரிக்காது, உளுத்தும் போகாது” என்றார் மைத்துனர்.

டேராடூன் தந்த கொடை

அந்தப் பச்சை நிறத்தின் கதைதான் நாங்கள் சொல்ல வந்த பெருமை. 1933ஆம் வருஷத்தில் டேராடூன் வன ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்துவந்த சொண்டி காமேசன் என்ற இந்திய விஞ்ஞானி, மரத்தைக் காக்கும் ரசாயனக் கலவை ஒன்றைக் கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சணத்தைக் கொல்லும். ஆர்சனிக் என்னும் பாஷாணம் கறையானையும் புழுவையும் கொல்லும். இது முன்பே தெரிந்ததுதான். ஆனால் மழையும் ஈரமும் பட்டால் இரண்டும் கரைந்து போய்விடுமே! காமேசன் மூன்றாவதாகக் குரோமியத்தைச் சேர்த்தார். அது மற்ற இரண்டையும் மர நாரோடு கரையாதபடி பிணைத்துவிட்டது. ஆர்சனிக், தாமிரம் இரண்டின் ரசாயனக் குறிகளையும் சேர்த்து அதற்கு ‘ஆஸ்கு’ என்று பெயர் வழங்கிற்று. 1938இல் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

மரத்தை இரும்புக் கொப்பரைக்குள் அடைத்து, அதிலுள்ள காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றுவார்கள். பிறகு மருந்து நீரைப் பெரும் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அது மேலே பூசிய வர்ணம் போலன்றி மரத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும். இன்று உலகமெங்கும் எத்தனையோ மின்சாரக் கம்பங்களும், பாலங்களும், பண்ணைக் கொட்டகைகளும் இந்த முறையால் நிற்கின்றன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆர்சனிக் கொடிய விஷம். குழந்தைகள் விளையாடும் மரச் சாதனங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இந்த மருந்து இருப்பது நல்லதல்ல என்ற கவலை எழுந்தது. 2003ஆம் வருஷ முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைக் கைவிட்டார்கள். பண்ணைக் கம்பங்களுக்கும் இத்தகைய கட்டடக் கம்பங்களுக்கும் அனுமதி தொடர்ந்தது. அறுத்த துண்டுகளை அடுப்பில் வைத்தால் நச்சுப் புகை எழும். சாம்பலிலும் விஷம் தங்கும். வேலைக்காரர்கள் கையுறை அணிந்தே அதைத் தொட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் கைகளைத் தேய்த்துக் கழுவினார்கள்.

காமேசன் பெயரை அந்தப் பெரியவரிடம் சொன்னோம். அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கம்பத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் என் கொட்டகையின் கால்கள் உங்கள் ஊர்க் கால்கள்” என்றார்.

காற்று வந்தது

ஐந்தாம் நாள் கூரைச் சட்டங்களைத் தூக்கினார்கள். 48 அடி அகலத்தையும் நடுவில் ஒரு தூணும் இல்லாமல் தாண்டும் முக்கோணச் சட்டங்கள். மரங்கள் சந்திக்கும் இடங்களிலெல்லாம் பற்கள் நிறைந்த இரும்புத் தகட்டை அழுத்திப் பதித்துத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்புகிறார்கள். இந்தத் தகட்டு முறை 1950களில் ஃபுளோரிடாவில் தோன்றியது. மொத்தம் 9 சட்டங்கள். ஒவ்வொன்றும் 8 அடி உயரம் எழும்புகிறது. அதாவது முகடு தரையிலிருந்து 22 அடி.

நான்காவது சட்டம் ஏறியபோது மணி இரண்டு இருக்கும். மேற்கு வானம் கருத்தது. அந்த ஜில்லாக்களில் மேற்கு வானம் கருத்தால் யாரும் அலட்சியமாயிருப்பதில்லை. 1965 ஏப்ரல் 11ஆம் தேதி, குருத்தோலை ஞாயிறன்று, அந்த வழியாகச் சுழல்காற்றுகள் வந்தன. இந்தியானா மாகாணத்தில் மட்டும் 137 பேர் மாண்டார்கள். எல்க்கார்ட் ஜில்லா அவற்றின் கொடுமையை முழுதும் கண்டது.

பெரியவர் முகம் வெளுத்தது. தகரம் மூடாத கூரைச் சட்டங்கள் நிறுத்தி வைத்த சீட்டுக்கட்டைப் போல. குறுக்கு மரங்களால் ஒன்றோடொன்று பிணைக்காவிட்டால் ஒன்று சாயும்போது எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு சாயும். மேஸ்திரி ஐந்தாவது சட்டத்தைக் கீழேயே வைத்துவிடச் சொன்னார். ஆறு பேரும் ஏறினார்கள். எஞ்சிய நேரம் முழுவதும் குறுக்குச் சட்டங்களையும் சாய்வு முட்டுகளையும் அறைவதிலேயே கழிந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. ஆணி இறங்கும் ஓசைதான். கடைசி முட்டு ஏறியதும் இறங்கி வந்து வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். காற்று அடித்தது, மழை கொட்டிற்று. நாற்பது நிமிஷம். பெரியவரும் மகளும் எங்கள் மைத்துனர் வீட்டுக் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொடுத்த காப்பியைக் கையில் வைத்திருந்தார்கள், ஒருவரும் குடிக்கவில்லை.

மழை விட்டது. நான்கு சட்டங்களும் வைத்த இடத்தில் நின்றன. மகள் மட்டும் வெளியே ஓடி ஒரு கம்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

கொட்டகை தொழிற்கூடம் ஆவது

மறு வாரம் தகரம் வந்தது. ஒரு தகரம் 3 அடியை மூடும். ஒரு பக்கக் கூரைக்கு 22. நம் ஊரில் தகரத்தின் மேட்டில் துளையிட்டு வளைந்த கொக்கி ஆணியை மாட்டுகிறோம். அவர்களோ ரப்பர் வளையம் கோத்த திருகாணியை மேட்டில் அல்லாமல் பள்ளத்தில், மரத்தோடு ஒட்டி இறுக்குகிறார்கள். ரப்பர் நசுங்கிவிடாமலும் தளராமலும் முடுக்குவதில்தான் நீர் கசியாத ரகசியம் இருக்கிறது.

“மழை பெய்தால் காதைப் பிளக்குமே!” என்றாள் என் மனைவி. அதைவிடப் பெரிய உபத்திரவம் வேறு என்று தெரிந்தது. குளிர்காலத்தில் உள்ளேயிருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. வெளியே வானம் தெளிவாயிருக்கும்போதே உள்ளே மழை பெய்யும்! தச்சருடைய பலகைக்கும் இரும்புக் கருவிக்கும் இதைவிடச் சத்துரு இல்லை. ஆகவே கூரைக்குக் கீழே தனியாக மச்சு அமைத்து, ஈரம் ஏறாத தாள் விரித்து, அதன்மேல் கனமாகப் பஞ்சு போன்ற பொருளைக் குழாயால் ஊதி நிரப்புகிறார்கள். அது என்ன பொருள் தெரியுமோ? பழைய பத்திரிகைக் காகிதத்தை அரைத்து, தீப்பிடிக்காதிருக்க வெங்கார வகை உப்புகள் கலந்தது. பத்திரிகை படிக்கும் குடும்பத்தாருக்கு இது ஓர் ஆறுதல்: நாம் படித்து முடித்த விஷயம் யாரையோ குளிரிலிருந்து காக்கக்கூடும்.

தரை கடைசியில்தான். ஜல்லியை இடித்துக் கெட்டித்து, கனத்த பாலித்தீன் விரித்து, கம்பி கட்டி, வெந்நீர் ஓடுவதற்கான குழாய்களை வளைத்து வளைத்துப் பதித்து, 5 அங்குலக் கான்கிரீட். கணக்குப் போட்டால் 1,280 கன அடி. கலவை வண்டிகள் ஐந்து வர வேண்டியிருந்தது. விடியற்காலையில் தொடங்கி மாலை வரை தேய்த்து மெருகேற்றினார்கள். உடனே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் அறுத்தார்கள். கான்கிரீட் இறுகும்போது வெடிக்கத்தான் செய்யும். கண்ட இடத்தில் வெடிக்காமல் நாம் கிழித்த கோட்டில் வெடிக்கச் செய்வதே புத்திசாலித்தனம். வகுப்பறையிலும் இந்த உபாயம் பயன்படும் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

நமக்கு என்ன?

நம் நாட்டில் பூமி உறைவதில்லை. வெந்நீர்த் தரையும் வேண்டாம். ஆனால் நமக்குக் காற்று உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எத்தனை கூரைகள் பறந்தன! கூரையைத் தாங்குவதற்கு நாம் படும் கவலையில் பாதியாவது, கூரை மேலே எழும்பாமல் பிடித்துக் கட்டுவதற்குப் பட வேண்டும். தகரம் வரிச்சை விடக் கூடாது. வரிச்சு சட்டத்தை விடக் கூடாது. சட்டம் கம்பத்தை விடக் கூடாது. கம்பம் மண்ணை விடக் கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் போதும், காற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

இன்னொன்று. சொந்தக் கூரையின் கீழ் தொழில் செய்பவன் அதிகாரத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை, வாடகைச் சீட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. நம் ஊர்த் தச்சர்களும் கொல்லர்களும் நெசவாளர்களும் எத்தனை பேர் ஒழுகும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து உயர்ந்த வேலை செய்கிறார்கள்! அவர்களுக்கு வேண்டியது மாளிகை அன்று. நிமிர்ந்து நிற்க உயரம், நனையாத கூரை, எழுந்து போகச் சொல்லாத நிலம்.

நாங்கள் ஊருக்குப் புறப்படும் சமயத்தில் கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. முழு வலிமை பெற 28 நாள் வேண்டும் என்று பெரியவர் தம் இயந்திரங்களை இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை. ஒரே ஒரு சாமான் மட்டும் சுவரோரமாக வந்து சேர்ந்திருந்தது: அவர் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில் வைத்திருந்த பழைய உளிப்பெட்டி. அதற்குமேல் மகள் தன் முகமூடியை மாட்டுவதற்கு ஓர் ஆணி அடித்திருந்தாள்.